காலில் பரவிய மெலனோமாவுக்கு எலக்ட்ரோகீமோதெரபி: அப்பாவுக்குச் சம்மதிக்கலாமா?

நல்லூர் மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தில் வசிக்கிறேன். 74 வயதான என் அப்பா என்னுடன் இருக்கிறார். அவருடைய வலது குதிக்காலில் காய்ப்புப் போலக் கறுத்துத் தடித்திருந்த இடம் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் என்று தெரியவந்தபோது, அதைச் சத்திரசிகிச்சை மூலம் அகற்றி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். சில காலம் எந்தத் தொல்லையும் இருக்கவில்லை. இப்போது அதே காலின் முன்பக்கத்திலும் கெண்டைச் சதையிலும் மிளகளவிலிருந்து புளியங்கொட்டையளவு வரையான கருநீலக் கட்டிகள் பத்துக்கு மேல் வந்துவிட்டன. அவற்றுள் ஒன்று உடுப்பில் உரசினாலே இரத்தம் கசிகிறது. ஸ்கேனில் வேறெந்த உறுப்பிலும் நோய் தெரியவில்லை.

முதலில் பெம்ப்ரோலிசுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்தை ஏற்றினார்கள். குடலில் கடும் அழற்சி ஏற்பட்டு, வயிற்றோட்டம் நிற்காமல் போனதால் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்ததாக, புற்றுநோய் மருந்தோடு கட்டிகளுக்கு மின்துடிப்பும் கொடுக்கும் எலக்ட்ரோகீமோதெரபி செய்யலாம் என்று விசேட வைத்தியர் சொல்லியிருக்கிறார். அடுத்த சந்திப்பில் நாங்கள் சம்மதம் சொல்ல வேண்டும்.

கனடாவில் இருக்கும் தம்பி இது இன்னும் பரிசோதனை நிலையில் உள்ள வைத்தியம் என்கிறார். "இந்த வயதில் கரண்ட் வைத்தால் இதயம் தாங்குமா" என்று அம்மா அழுகிறார். இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள் என்கிறார் ஓர் உறவினர். அப்பாவுக்கு நீரிழிவு உண்டு, முன்பு புகைபிடித்தவரும்கூட. இந்தச் சிகிச்சையில் உண்மையில் என்ன செய்கிறார்கள், இதனால் நோய் மாறுமா, எதற்கு நாங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதை விடயம் அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

லெஸ்டர் தாதி எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் தோல் புற்றுநோய்ப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். அப்பாவின் அறிக்கைகளைப் பார்க்காமல் அவரைப் பற்றி எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் அன்றைய தினம் என்ன நடக்கும் என்பதைச் சொல்லலாம், ஏனென்றால் பெரும்பாலான குடும்பங்களின் பயம் அந்த அறைக்குள் நடப்பதைப் பற்றியதாகவே இருக்கிறது.

கட்டிகள் ஒன்றிரண்டாகவும் சிறியனவாகவும் இருந்தால் இடத்தை மட்டும் விறைக்கச் செய்து, மருந்தை நேரே கட்டிக்குள் ஏற்றுவார்கள். உங்கள் அப்பாவுக்கு இருப்பது போலப் பல கட்டிகள் இருந்தால் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்து, ப்ளியோமைசின் என்னும் மருந்தை நாளத்தினூடாக ஏற்றுவார்கள். ஏற்றியதும் வேலை தொடங்குவதில்லை. மருந்து இரத்தத்தோடு போய்க் கட்டிகளைச் சுற்றிப் பரவுவதற்காக 8 நிமிடங்கள் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்கிறோம். அதன்பிறகு 28ஆவது நிமிடம் வரையான இடைவெளியில் எல்லாக் கட்டிகளுக்கும் மின்துடிப்புக் கொடுத்து முடித்துவிட வேண்டும் என்பதே தொடக்கத்திலிருந்து பின்பற்றப்படும் வழிகாட்டல். அந்த 20 நிமிடங்களில் அறையில் யாரும் வேறு பேச்சுப் பேசுவதில்லை. சிறு ஊசிகள் வரிசையாகவோ அறுகோணமாகவோ பதிக்கப்பட்ட ஒரு கைப்பிடியை வைத்தியர் கட்டியின் மேல் அழுத்துவார், கால் மிதியை மிதித்ததும் தசை ஒருமுறை வெட்டி இழுக்கும், பிறகு கைப்பிடியைச் சற்று நகர்த்தி மறுபடியும் அழுத்துவார். கட்டி முழுவதும், அதைச் சுற்றியுள்ள விளிம்பும் சேரும்வரை இப்படித் தொடரும்.

பெரும்பாலானவர்கள் அன்றே அல்லது மறுநாள் வீடு திரும்புகிறார்கள். தலைமுடி கொட்டுவது போன்ற, கீமோ என்றதும் நாம் அஞ்சுகிற விளைவுகள் இந்த ஒற்றை ஏற்றுதலில் வழக்கமாக வருவதில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: மின்சாரம் அந்தக் கைப்பிடியின் ஊசிகளுக்கிடையே மட்டுமே ஓடுகிறது. முழங்காலுக்குக் கீழே செய்யும்போது இதயத்துக்கும் அதற்கும் இடையே நிறையத் தூரம் இருக்கிறது. நெஞ்சுப்பகுதியில் செய்ய நேர்ந்தால், இதயத்துடிப்பைக் கவனித்து அதற்கேற்ப மின்துடிப்பு விடும் ஏற்பாடு உண்டு. அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மின்பொறியாளன் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் மருத்துவன் அல்லன். மருத்துவக் கருவிகள் துறையில் பணிபுரிபவன் என்பதால், மின்சாரம் இதில் என்ன வேலை செய்கிறது என்பதை விளக்க முயல்கிறேன். உங்கள் தம்பியின் ஐயத்துக்கும் இதில் விடை இருக்கிறது.

ஒரு செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. மிகக் குறுகிய நேரத்துக்கு வலுவான மின்புலம் அதன்மீது பட்டால் சவ்வில் நுண்ணிய துளைகள் விழுகின்றன. அளவு மிகாமல் பார்த்துக்கொண்டால் சில நிமிடங்களில் அவை தாமாகவே மூடிக்கொள்ளும், செல்லும் பிழைத்துக்கொள்ளும். 1982இல் எபர்ஹார்ட் நாய்மனின் குழு இந்த வழியில்தான் எலியின் செல்களுக்குள் மரபணுவைச் செலுத்திக் காட்டியது.

அடுத்தது மருந்து. 1960களில் ஜப்பானில் ஹமாவோ உமெசாவாவின் குழு மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிரிலிருந்து ப்ளியோமைசினைப் பிரித்தெடுத்தது. செல்லுக்குள் நுழைந்துவிட்டால் மரபிழையின் இரு புரிகளையும் வெட்டிப்போடும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆனால் மூலக்கூறு பெரியது, மின்னூட்டம் கொண்டது, நீரில் கரைவது. ஆகவே கொழுப்புச் சவ்வைக் கடந்து உள்ளே போவது அதற்கு மிகக் கடினம். சாதாரணமாக ஏற்றும்போது பெரும்பகுதி வெளியிலேயே நின்று, சிறுநீரில் கழிந்துவிடுகிறது. மின்துடிப்பால் சவ்வு திறந்திருக்கும் நேரத்தில் மருந்து அருகில் இருந்தால், செல்லைக் கொல்லும் ஆற்றல் ஆய்வகச் சோதனைகளில் பல நூறு மடங்கு கூடுகிறது. சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு மருந்தையும் இதே முறையில் பயன்படுத்துகிறார்கள், ஆனால் அதில் கிடைக்கும் பெருக்கம் இதைவிட வெகு குறைவு.

இவ்விரண்டையும் இணைத்துச் சிகிச்சையாக்கியவர்கள் பாரிஸை அடுத்த வில்ஜூய்ஃபில் உள்ள குஸ்தாவ் ரூஸி நிறுவனத்தில் பணியாற்றிய லூயி மீரும் அவருடைய சக ஆய்வாளர்களும். தலை, கழுத்துப் பகுதிப் புற்று தோலில் திரும்ப வந்திருந்த நோயாளிகளிடம் செய்த முதல் மனிதச் சோதனையின் முடிவு 1991இல் வெளியானது. பிரான்ஸ், சுலோவேனியா, டென்மார்க், அயர்லாந்து ஆகிய நாடுகளின் நான்கு மையங்கள் சேர்ந்து வகுத்த செய்முறை 2006இல் வெளிவந்து, 2018இல் திருத்தப்பட்டது. எத்தனை துடிப்பு, எவ்வளவு நேரம், எத்தனை வோல்ட், எந்த அளவு மருந்து என்பதெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்களிடம் செய்யப்பட்டுவரும் ஒன்றைப் பரிசோதனை நிலையில் இருப்பது என்று சொல்வது சரியாகாது.

"கரண்ட்" என்ற அச்சத்துக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஓர் இடத்தில் கொடுப்பது 8 துடிப்புகள். ஒவ்வொன்றும் ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும். எட்டையும் கூட்டினாலும் மின்சாரம் ஓடும் நேரம் ஒரு மில்லிநொடியைத் தொடாது. மின்புலம் சென்டிமீட்டருக்கு 1000 முதல் 1300 வோல்ட் என்று கேட்டால் திகைப்பாகத்தான் இருக்கும், ஆனால் திசுவைச் சுடுமளவு வெப்பம் உண்டாக இந்த நேரம் போதாது. முன்பு நொடிக்கு ஒன்றாக எட்டுத் துடிப்புகளையும் கொடுத்தார்கள், நோயாளிகள் எட்டு வெட்டுகளையும் தனித்தனியே உணர்ந்தார்கள். இப்போது நொடிக்கு 5000 என்ற வேகத்தில் கொடுக்க முடிவதால் எட்டும் ஒரே வெட்டாக முடிந்துவிடுகின்றன.

கோவை அறுவை மருத்துவர் எழுதியது:

மேலே இருவரும் செய்முறையையும் அறிவியலையும் நன்றாகவே விளக்கிவிட்டார்கள். நான் வேறொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சம்மதம் கொடுப்பதற்கு முன் உங்கள் குடும்பம் முழுவதும் அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கவலை.

இது மருந்தும் மின்துடிப்பும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் மட்டும் வேலை செய்யும் சிகிச்சை. கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும் கட்டிகளை இது அழிக்கும். இன்னும் வெளிவராமல் நிணநாளங்களில் தங்கியிருக்கும் மெலனோமா செல்களை இது தொடாது. ஆகவே இந்தச் சிகிச்சை முழு வெற்றி பெற்ற பிறகும் சில மாதங்களில் அதே காலில் வேறிடத்தில் புதிய கட்டி முளைக்கலாம். அப்படி முளைத்தால் சிகிச்சை தோற்றது என்று அப்பா மனமுடைந்து போகக்கூடாது. புதிய கட்டிக்கு மறுபடியும் செய்யலாம்.

எண்களைச் சொல்வதானால், ஐரோப்பிய மையங்கள் 2008 முதல் 2019 வரை ஒன்றாகத் தொகுத்த பதிவேட்டில் 987 நோயாளிகளின் 2482 கட்டிகள் இடம்பெற்றன. அவற்றில் சுமார் 85 விழுக்காடு குறிப்பிடத்தக்க அளவு சுருங்கின, சுமார் 70 விழுக்காடு முற்றிலும் மறைந்தன. பலவகைப் புற்றுகள் கலந்த கணக்கு இது. பேசல் செல் புற்று எனப்படும் தோல் புற்றில் பலன் மிகுதி, மெலனோமாவில் அதைவிடக் குறைவு. மூன்று சென்டிமீட்டருக்கும் சிறிய கட்டிகளும், முன்பு கதிர்வீச்சுப் படாத தோலில் உள்ளவையும் நன்றாகக் கேட்கின்றன. நீங்கள் சொல்லும் புளியங்கொட்டையளவு என்பது இந்தச் சிகிச்சைக்கு ஏற்ற அளவு. அவை பெரிதாகும்வரை தள்ளிப்போடுவதில் எந்த நன்மையும் இல்லை.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, மெலனோமாவின் தோல் பரவல்களுக்கு இதைத் துயர்தணிப்புச் சிகிச்சையாக வழமையான ஏற்பாடுகளோடு செய்யலாம் என்று 2013இலேயே கூறிவிட்டது. துயர்தணிப்பு என்பதைக் கேட்டுக் கலங்க வேண்டாம். இரத்தம் கசியும் கட்டியை நிறுத்துவது, உடை உரசினால் வலிக்காமல் செய்வது, காலைக் காப்பாற்றி நடமாட வைப்பது ஆகியவை 74 வயது மனிதருக்குச் சிறிய ஆதாயங்கள் அல்ல. கசிவை நிறுத்துவதில் இந்தச் சிகிச்சைக்குத் தனித்த வலிமை உண்டு. மின்துடிப்புப் பட்டதும் கட்டியின் குருதிக்குழாய்கள் சுருங்கிக்கொள்வதால் அந்த இடம் வெளிறி, ஒழுக்கு அடங்கிவிடுகிறது.

ஆயினும் வேறு வழிகள் ஆராயப்பட்டனவா என்று கேட்பது உங்கள் உரிமை. கட்டிக்குள் வைரஸை ஊசியாகப் போடும் டீவெக், காலின் இரத்த ஓட்டத்தைத் தனிப்படுத்தி மருந்து செலுத்தும் முறை, எண்ணிக்கை குறைவாக இருந்தால் வெட்டியெடுப்பது ஆகிய மூன்றும் காலில் பரவிய மெலனோமாவுக்கு உள்ளவை. கட்டியில் பிராஃப் மரபணு மாற்றம் சோதிக்கப்பட்டதா என்றும் கேளுங்கள். உள்ளங்கால் மெலனோமாவில் அது குறைவாகவே காணப்படும், இருந்தால் மாத்திரை வழி ஒன்று திறக்கிறது. நம்மவர்களிடம் மெலனோமா அரிது, வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், குதிக்கால், நகத்தடி ஆகிய இடங்களில்தான் வருகிறது. வெள்ளையர்களிடம் வெயிலால் வரும் மெலனோமாவைவிட இவ்வகை நோயெதிர்ப்பு மருந்துக்குக் குறைவாகவே இணங்குகிறது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குடல் அழற்சியால் மருந்து நின்றுபோனதற்காக மிகவும் வருந்த வேண்டாம்.

இந்தியாவுக்கு அழைத்து வரச் சொல்லும் உறவினரிடம், நான் இந்தியாவில் இருக்கும் மருத்துவன் என்று கூறியே சொல்லுங்கள்: இது ஐரோப்பாவில் பிறந்து ஐரோப்பாவில் வளர்ந்த சிகிச்சை. வீட்டுக்கு அருகிலேயே கிடைக்கும்போது புண்ணுள்ள காலோடு முதியவரை நீண்ட விமானப் பயணத்துக்கு உட்படுத்தத் தேவையில்லை.

துணைவன் எழுதியது:

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைத் தழும்பைச் சுற்றித் தோலில் திரும்பி வந்தபோது இதே சிகிச்சையைச் செய்தார்கள். அதற்குப் பிந்தைய நாட்களில் வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

கட்டி உடனே மறையாது. முதலில் வீங்கிச் சிவக்கும், பிறகு கறுத்துப் பொருக்காகும். பொருக்கு விழப் பல வாரங்கள் ஆகும். அதைப் பிடுங்கக் கூடாது. பெரிய கட்டியாக இருந்தால் அழுகிய சதை கழன்று நீர் வடியும், வாடையும் வரும். வாடையை நினைத்து அவள் உறவினர்களைப் பார்க்கவே மறுத்தாள். செவிலியரிடம் சொன்னதும் கரித்தூள் சேர்த்த கட்டுத்துணியைக் கொடுத்தார்கள், வாடை வெகுவாகக் குறைந்தது. வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். புண்ணில் ஒட்டிக்கொள்ளாத வகைக் கட்டுத்துணியையே கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, சொறிதல். ப்ளியோமைசின் உடலில் இருக்கும்போது தோலைச் சொறிந்தாலோ, ஒட்டிய பிளாஸ்டரை வெடுக்கென உரித்தாலோ அந்த இடத்தில் கோடு கோடாகப் பழுப்புத் தடம் விழுந்து மாதக்கணக்கில் நிற்கும். என் மனைவியின் முதுகில் இதயத்துடிப்பைப் பார்க்க ஒட்டிய வட்டங்களின் தடம் அப்படியே பதிந்துவிட்டது. நம்முடைய தோலில் அது இன்னும் அழுத்தமாகத் தெரிகிறது. முதல் ஓரிரு நாட்களுக்கு அப்பாவின் நகங்களை ஒட்ட வெட்டி வையுங்கள், பிளாஸ்டர்களை நீரில் நனைத்து மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள்.

வலியைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பலருக்கு அது சாதாரண மாத்திரையில் அடங்கிவிடுகிறது. முன்பே வலித்துக்கொண்டிருந்த இடத்திலும், கதிர்வீச்சு வாங்கிய இடத்திலும் கூடுதலாக இருக்கிறது. மாத்திரைகளை வலி ஏறிய பிறகு தேடாமல், எழுதிக் கொடுத்த நேரத்துக்கே கொடுத்துவிடுங்கள்.

நல்லூர் மகள் எழுதியது:

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மின்பொறியாளர் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், இதயத்தைப் பற்றிய பயம் ஓரளவு நீங்கியிருக்கிறது. தம்பியும் இப்போது அதை எதிர்க்கவில்லை. எனக்கு இன்னுமொரு கேள்வி உண்டு. ப்ளியோமைசின் நுரையீரலைக் கெடுக்கும் என்று ஓரிடத்தில் வாசித்தேன். அப்பா முன்பு புகைபிடித்தவர், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இதை அவர்களிடம் எப்படிக் கேட்பது? நீரிழிவு உள்ள காலில் புண் ஆறுமா என்பதும் எனக்குக் கவலையாக இருக்கிறது.

லெஸ்டர் தாதி எழுதியது:

தங்கச்சி, இரண்டும் கேட்கவே வேண்டிய கேள்விகள். ப்ளியோமைசின் நுரையீரலில் தழும்பேற்றக்கூடிய மருந்து என்பது உண்மை. அந்த ஆபத்து வாழ்நாளில் சேரும் மொத்த அளவைப் பொறுத்து ஏறுகிறது. 400,000 அலகைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான எல்லை. எலக்ட்ரோகீமோதெரபிக்கு உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 15,000 அலகு என்று கணக்கிடுகிறார்கள். அப்பாவின் உடற்பரப்பு 1.8 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு தடவைக்கு 27,000 அலகு வரும். விதைப்பைப் புற்றுநோய்க்கு இதே மருந்தை வாரம் 30,000 அலகு வீதம் ஒன்பது வாரங்களுக்குக் கொடுப்பது வழக்கம். அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால் அளவு உங்களுக்கே விளங்கும்.

ஆனாலும் எழுபது வயதைக் கடந்தவர், புகைபிடித்தவர், மூச்சு வாங்குகிறவர் என்ற மூன்றும் சேரும்போது யாரும் இதை இலேசாக எடுக்கக்கூடாது. மூச்சு வாங்குவதைச் சந்திப்பின் தொடக்கத்திலேயே சொல்லி, சிகிச்சைக்கு முன் நுரையீரல் செயற்பாட்டுச் சோதனை செய்வார்களா என்று கேளுங்கள். ஏற்கெனவே நுரையீரலில் தழும்பு இருந்தால் நாளத்தினூடாக மருந்து ஏற்றுவதைத் தவிர்க்கிறார்கள். அப்படியானால் சிறிய கட்டிகளுக்கு நேரடியாக ஊசி போட்டுச் செய்ய முடியுமா என்று கேட்கலாம். மருந்து சிறுநீரகத்தினூடாக வெளியேறுவதால், நீரிழிவுள்ள ஒருவருக்கு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் அளவை இரத்தத்தில் பார்க்காமல் மருந்தின் அளவைத் தீர்மானிக்க முடியாது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் குறைத்துக் கொடுப்பார்கள்.

மயக்க மருந்து கொடுப்பவரிடம் ஒன்றைக் கட்டாயம் பேசுங்கள். ப்ளியோமைசின் ஏற்றிய உடலுக்கு அடர்த்தி கூடிய ஒட்சிசனைக் கொடுத்தால் நுரையீரல் பாதிப்புக் கூடும் என்பதால், சிகிச்சையின்போது அதை இயன்றளவு குறைவாக வைத்துக்கொள்கிறார்கள். பின்னொரு காலத்தில் கண்புரை, இடுப்பெலும்பு என்று வேறெந்தச் சத்திரசிகிச்சைக்குப் போனாலும் இந்த மருந்து வாங்கியவர் என்பதை அங்குள்ளவர்கள் அறிய வேண்டும். மருந்தின் பெயர், அளவு, திகதி ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி அப்பாவின் பணப்பையில் வைத்துவிடுங்கள்.

காலைப் பொறுத்தவரை, புண் ஆறுவதற்கு மட்டுமல்லாமல் மருந்து கட்டிவரை வந்து சேரவும் நல்ல இரத்த ஓட்டம் தேவை. பாதத்தின் நாடித்துடிப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். அடுத்த சந்திப்புக்கு முன் நல்ல வெளிச்சத்தில், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கட்டியையும் படம் எடுத்து வையுங்கள். சிகிச்சைக்குப் பின் நான்கு முதல் எட்டு வாரங்களில் பலனைப் பார்ப்பார்கள், அப்போது எந்தக் கட்டி கேட்டது, எதற்கு மறுபடி செய்ய வேண்டும் என்பதை ஒப்பிட அந்தப் படங்கள் உதவும். இரத்தம் கசிகிற கட்டியை முதல் தடவையிலேயே சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள்.